சின்ன லேத்துக்கு நல்ல கிராஸ் ஸ்லைடு நட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரத்தில் வீட்டுத் திண்ணை ஓரத்திலும் மாடிப்படிக்குக் கீழேயும் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) போட்டிருக்கிறவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். பம்புசெட் புஷ் கடைவார்கள், ஸ்பிரேயருக்கு உதிரி செய்வார்கள், சிலர் பொம்மை எஞ்சின் கட்டுவார்கள். லேத் வாங்கிக் கொஞ்ச நாளானதும் எல்லோரும் ஒரே புகாரோடு வருவார்கள்: கைப்பிடியைத் திருப்புகிறேன், டூல் நகரவில்லை. அதற்கப்புறம் வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளையும், சொன்ன பதில்களையும் இங்கே கோத்திருக்கிறேன்.

கிராஸ் ஸ்லைடு நட்டுன்னா எது சார்? லீட் ஸ்க்ரூவைக் கவ்வுமே, அந்த ஹாஃப் நட்டா?

இல்லை. ஹாஃப் நட் சேடிலின் முன்னால் தொங்கும் ஏப்ரன் என்ற பெட்டிக்குள் இருக்கிறது. லிவரைப் போட்டால் லீட் ஸ்க்ரூவைக் கவ்வி, டூலைச் சுமக்கும் சேடிலை நீளவாக்கில் இழுக்கும். கிராஸ் ஸ்லைடு நட் வேறு. டூலை உங்களிடமிருந்து அந்தப் பக்கம் தள்ளவும் திரும்ப இழுக்கவும் ஒரு கைப்பிடி இருக்கிறதே, அதன் ஸ்க்ரூ ஓடுவது இந்த நட்டுக்குள்தான். கிராஸ் ஸ்லைடின் அடிவயிற்றில் ஒன்றிரண்டு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் சின்னக் கட்டி.

புது மெஷின்லயே கால் சுத்து சும்மா சுத்துது. டெஃபெக்ட் பீஸா?

டெஃபெக்ட் இல்லை, மலிவு. ஸ்க்ரூவின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் அது சுற்றும். அந்த இடைவெளியைத்தான் பேக்லாஷ் என்கிறோம். பட்டறைகளில் ‘பிளே’ என்றுதான் சொல்வார்கள். ஸ்க்ரூ 1 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) என்றால் கால் சுற்று என்பது 0.25 மி.மீ. சின்ன லேத்துக்கு அது அதிகம். 0.05 முதல் 0.10 வரை இருந்தால் நான் நட்டைத் தொடவே மாட்டேன்.

பிளே இருந்தா அளவு தப்பாத்தானே வரும்?

வராது, எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்தால். டயலில் 20-க்கு வர வேண்டியவர் 23-க்குப் போய்விட்டால், 20-க்குத் திருப்பி வைத்துவிட்டுக் கடையக் கூடாது. அரைச் சுற்றுக்கு மேல் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய் 20-இல் நிறுத்த வேண்டும். பழைய டர்னர்கள் மரை தேய்ந்துபோன லேத்தை வைத்துக்கொண்டே சுத்தமாக பேரிங் அளவுக்குக் கடைந்து தருவது இந்தப் பழக்கத்தால்தான்.

பிளே உண்மையில் தொந்தரவு தருவது வேறு இடத்தில். பித்தளையில் பார்ட்டிங் போடும்போது, அதாவது குறுக்கே வெட்டித் துண்டாக்கும்போது, டூல் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். எவ்வளவு பிளே இருக்கிறதோ அவ்வளவு தூரம் ஒரே பாய்ச்சலாகப் பாயும். டூல் முறியும், இல்லையென்றால் ஜாப் (கடையும் துண்டு) அதைக் கவ்வியிருக்கும் சக்கிலிருந்து எகிறும். வெர்டிகல் ஸ்லைடு மாட்டி மில்லிங் செய்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

பிளே முழுக்க நட்டாலதான் வருதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நட்டை மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மாற்றிய பிறகுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். பிளே மூன்று இடத்திலிருந்து வரலாம். ஒன்று, நட்டின் மரை. இரண்டு, கைப்பிடிக்குப் பின்னால் ஸ்க்ரூ உட்கார்ந்திருக்கும் பிராக்கெட்டில் முன்னும் பின்னும் ஆட்டம். மூன்று, நட் தன் போல்ட்டில் சரியாக இறுகாமல் தலையாட்டுவது.

டயல் இண்டிகேட்டரை மேக்னெட் பேஸில் வைத்து, முனையை கிராஸ் ஸ்லைடில் முட்ட வையுங்கள். கைப்பிடியைத் தொடாமல் ஸ்லைடை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். முள் ஆடும்போது டயல் காலருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே உள்ள சந்தைப் பாருங்கள். ஸ்லைடோடு சேர்ந்து அந்தச் சந்தும் திறந்து மூடினால் பிளே பிராக்கெட்டில் இருக்கிறது. சந்து அசையாமல் ஸ்லைடு மட்டும் ஆடினால் நட்டில். நட் தலையாட்டுகிறதா என்று அறிய, பின்பக்கத்திலிருந்து விரலை விட்டு நட்டும் ஸ்லைடும் சேரும் இடத்தில் வையுங்கள். ஒருவர் ஸ்லைடை ஆட்டினால் இரண்டுக்கும் நடுவே நகர்வது விரல் நுனியில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அசைவைக்கூட விரல் சொல்லிவிடும்.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் ஜிப்பை, அதாவது ஸ்லைடின் பக்க ஆட்டத்தை எடுக்கும் பட்டையை, சரியாக இறுக்கிக்கொள்ளுங்கள். ஜிப் தளர்ந்த ஸ்லைடு கோணிக்கொண்டு, எல்லா அளவையும் குழப்பிவிடும்.

பிராக்கெட்லதான் ஆட்டம்னா நட்டை விட்டுடலாமா?

முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கைப்பிடியின் பின் நட்டை இறுக்கினால் சில மெஷினில் அத்தோடு போய்விடும். இறுக்கினால் சுற்றவே கஷ்டமாக இருக்கிறதென்றால், உரசும் இரண்டு முகமும் ஸ்க்ரூவுக்குச் செங்குத்தாக இல்லை என்று அர்த்தம். முகத்தை லேசாக ஃபேஸ் செய்து (தட்டையாகக் கடைந்து), காலருக்கு இரண்டு பக்கமும் மெல்லிய த்ரஸ்ட் பேரிங் கொடுக்கலாம். 10 மி.மீ. தண்டுக்கு ஏ.எக்ஸ்.கே. 1024 என்று கேட்டால் கிடைக்கும். வெளிவிட்டம் 24, தடிமன் 2 மி.மீ. இரண்டு பக்க வாஷர்களின் தடிமனையும் சேர்த்துக் கணக்குப் போட மறக்காதீர்கள்.

மேல மூணு ஸ்க்ரூ இருக்கே, அதை இறுக்கினா பிளே போயிடுதே. அப்புறம் எதுக்குப் புது நட்?

சீன மினி லேத்துகள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. அந்த ஸ்க்ரூக்களைக் கொண்டு நட்டைக் கொஞ்சம் சாய்த்தால், மரை ஸ்க்ரூவின் மேல் ஒரு ஓரத்திலும் கீழ் ஒரு ஓரத்திலும் அழுந்தும். பிளே போனதுபோலத் தெரியும். ஆனால் ஐந்தாறு மரை சேர்ந்து தாங்க வேண்டிய பாரத்தை இரண்டு ஓரம் மட்டும் தாங்குகிறது. கொஞ்ச நாளில் அந்த ஓரமும் தேய்ந்து, மறுபடி சாய்ப்பீர்கள். மறுபடி தேயும்.

நல்ல நட் என்று நான் சொல்வது மூன்று குணம் உள்ளதை. நீளமாக இருக்க வேண்டும், ஸ்க்ரூவின் நேர்கோட்டில் உட்கார வேண்டும், பிளேயைக் குறைக்கச் சாய்க்காமல் வேறு வழி இருக்க வேண்டும். உலோகம் நான்காவதாகத்தான் வருகிறது. எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

எவ்வளவு நீளம் வைக்கலாம்?

ஸ்க்ரூ விட்டத்தின் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. 10 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 20 முதல் 25 மி.மீ. அதற்கு மேல் போனால் லாபம் குறைவு, ஸ்லைடின் ஓட்டம்தான் குறையும். சேடிலின் பள்ளத்தில் நட் எந்தக் கோடியில் முட்டும் என்று முதலில் ஒரு மரக்கட்டையை அதே அளவில் அறுத்து வைத்து ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் இடமில்லையென்றால் கூடுதல் நீளத்தைப் பின்பக்கம் தள்ளலாம்.

சரி, உலோகத்துக்கு வருவோம். பித்தளையா, கன்மெட்டலா, பாஸ்பர் பிரான்ஸா?

கன்மெட்டல் போதும். பட்டறைகளில் பொதுவாகக் கிடைப்பதில் செம்பு 85, வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் தலா 5 என்ற கலவை நல்லது. காரீயம் இருப்பதால் கடைய இதமாக இருக்கும், எண்ணெய் குறைந்த நேரத்திலும் ஸ்க்ரூவைக் கடிக்காது. பாஸ்பர் பிரான்ஸ் இதைவிட உழைக்கும். ஆனால் டேப் (உள்மரை வெட்டும் கருவி) போடும்போது இறுகிப் பிடிக்கும், புது டேப் வேண்டும். பித்தளை சுலபம், தேய்மானம் அதிகம். வார்ப்பிரும்பும் எண்ணெய் விட்டால் அருமையாக ஓடும், ஆனால் கீழே சொல்லப்போகும் பிளவு நட்டுக்கு ஆகாது, பிளவு ஓரத்தில் நொறுங்கும். அலுமினியம் வேண்டவே வேண்டாம்.

40 × 30 × 25 மி.மீ. கட்டி என்றால் கன்மெட்டலில் கால் கிலோவுக்குச் சற்று மேல் வரும். எடைக்குத்தான் விற்பார்கள். பழைய பம்ப் புஷ்ஷை உருக்காமல் அப்படியே பயன்படுத்த நினைக்கிறவர்கள் நடுவில் உள்ள ஓட்டையை மறந்துவிடுகிறார்கள். சுவர் தடிமனில் நட் அடங்கினால் மட்டும் எடுங்கள்.

நாச்சியார்கோவில்ல விளக்கு வார்க்கிற இடத்துல ஒரு கட்டி ஊத்தித் தரச் சொன்னா?

ஊற்றித் தருவார்கள், அது விளக்குப் பித்தளையாக இருக்கும். குத்துவிளக்கின் அடித்தட்டு, தண்டு, அகல், உச்சிப் பிரபை எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரையிட்டுச் சேர்ப்பவை. அந்த மரை ஒரு தடவை முடுக்கி வைப்பதற்கானது, நாள் முழுக்க ஓடுவதற்கானது இல்லை. பித்தளை நட் போட்டால் தப்பில்லை, ஆனால் சீக்கிரம் தேயும் என்று தெரிந்து போடுங்கள். கன்மெட்டல் துண்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து உருக்கச் சொல்வதானால் அவர்கள் மூசையில் வேறு பித்தளை ஒட்டியிருக்கக் கூடாது. வார்த்த கட்டியில் தோல் போகக் கடைந்த பிறகு ஊசிமுனைத் துளைகள் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

நைலான் போடலாமா? பிளேயே இருக்காதுங்கறாங்களே.

நம் ஊருக்கு நைலான் சரிப்படாது. நைலான் 6 தண்ணீரில் ஊறினால் எடையில் 9 சதவீதம் அளவுக்கு ஈரம் குடித்து ஊதும். சித்திரையில் லொடலொடவென்று ஓடிய நட் ஐப்பசி அடைமழையில் ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்கும். அசிடால் வேறு பிளாஸ்டிக். டெல்ரின் என்ற பெயரில் விற்பார்கள். அது குடிக்கும் ஈரம் 1 சதவீதத்துக்குள். வீட்டு லேத்துக்கு அசிடால் நட் தாராளமாகப் போதும். பாரமான பார்ட்டிங்கில் கொஞ்சம் நெகிழும், அவ்வளவுதான்.

ஸ்க்ரூ என்ன மரைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் ஒன்று: அது இடமரை. கைப்பிடியை வலமாகத் திருப்பினால் டூல் உள்ளே போக வேண்டும். ஸ்க்ரூ அதே இடத்தில் நின்று சுற்ற, நட் விலகிப் போக வேண்டும் என்றால் இடமரையாகத்தான் இருக்க முடியும். வலமரை டேப் வாங்கி வந்துவிட்டு முழிக்கிறவர்கள் உண்டு.

பிட்சை ஒரு மரையில் அளக்காதீர்கள். கைப்பிடியை ஒரே திசையில் 20 சுற்று சுற்றி, ஸ்லைடு எவ்வளவு போனது என்று வெர்னியரில் அளந்து 20-ஆல் வகுங்கள். 25.0 மி.மீ. போனால் பிட்ச் 1.25. 25.4 போனால் அங்குலத்துக்கு 20 மரை. ஒரு சுற்றில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பிறகு திரெட் கேஜை வைத்து மரையின் வடிவம் பாருங்கள். 60 டிகிரி கூர்மரையா, 30 டிகிரி டிரப்பிசாய்டலா, 29 டிகிரி ஆக்மியா என்று தெரிந்துவிடும். விட்டத்தை ஸ்க்ரூவின் தேயாத கோடியில் அளக்க வேண்டும்.

இடமரை டேப் இங்க எங்கயும் கிடைக்கலையே அண்ணே.

தஞ்சாவூர், கும்பகோணம் ஹார்டுவேர் கடைகளில் இருப்பு வைத்திருக்க மாட்டார்கள். திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ டூல்ஸ் கடையில் சொல்லி வரவழைக்கலாம். கிடைக்கவில்லையென்றால் இரண்டு வழி உண்டு.

சில்வர் ஸ்டீல் என்ற, காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும் எஃகுக் கம்பியில் நீங்களே டேப் செய்யலாம். பழைய நட் மாட்டியிருக்கும்போதே இடமரை வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில் வழக்கம்போலச் சுற்ற, டூல் சக் பக்கத்திலிருந்து எதிர்க்கோடியில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் நகர வேண்டும். அதற்கு கியர் வரிசையில் ஒரு ஐட்லர் (இடையில் மாட்டும் பல்சக்கரம்) கூடவோ குறையவோ வேண்டும். முனையை நீளமாகச் சரித்து, மூன்று நான்கு பள்ளம் போட்டு, செர்ரி சிவப்பு வரை காய்ச்சித் தண்ணீரில் தோயுங்கள். பிறகு பளபளப்பாகத் தேய்த்து, வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூடு காட்டி நிறுத்துங்கள். கன்மெட்டலில் சில நட்டுகள் போட இது போதும்.

இரண்டாவது வழிக்கு டேப்பே வேண்டாம். அசிடாலில் இரண்டு துண்டு எடுத்து, நடுவே ஸ்க்ரூவை வைத்து வைஸில் மெல்லப் பிடியுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூவைச் சூடாக்கினால் சூடு உள்ளே ஓடும். 170 டிகிரி சுற்றில் அசிடால் இளகும். இளக இளக வைஸை முடுக்குங்கள். இரண்டு துண்டும் ஒட்டியதும் ஆறவிட்டுச் சுற்றிக் கழற்றினால் உள்ளே ஸ்க்ரூவின் அச்சு அப்படியே இருக்கும். தேயாத கோடியில் அச்செடுங்கள். ஒரு கண்டிப்பு: அசிடால் அதிகம் காய்ந்தால் ஃபார்மால்டிஹைடு புகை வரும், கண்ணையும் மூச்சையும் பிடிக்கும். பற்றினால் சுடர் சரியாகக் கண்ணுக்கே தெரியாது. தீயை பிளாஸ்டிக்கில் காட்டாமல் ஸ்க்ரூவில் மட்டும் காட்டி, வெளி முற்றத்தில் செய்யுங்கள்.

நட்டைக் கழட்டிட்டா லேத்தே ஓடாதே. அப்புறம் புது நட்டை எதுல செய்யறது?

பழையதைக் கழற்றாமலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். அது உடைந்தே போயிருந்தாலும் வழி இருக்கிறது. நாலு தாடை சக்கில் கட்டியைப் பிடித்தால், துளையும் ரீமரும் டேப்பும் டெயில்ஸ்டாக்கிலிருந்து போகிறவை. கிராஸ் ஸ்லைடுக்கு அங்கே வேலையில்லை. ஃபேஸ் செய்ய மட்டும், கிராஸ் ஸ்லைடின் மேல் உட்கார்ந்திருக்கும் கம்பவுண்ட் ஸ்லைடை குறுக்காகத் திருப்பி வைத்து, கிராஸ் ஸ்லைடை ஜிப் ஸ்க்ரூவால் பூட்டிவிட்டால் கம்பவுண்டே கிராஸ் ஸ்லைடு வேலையைச் செய்யும்.

எம் 8 × 1 மரைக்குத் துளை 7.0 மி.மீ., எம் 10 × 1-க்கு 9.0. டிரப்பிசாய்டல் 10 × 2 என்றால் 8.0. டேப்பின் பின்முனையில் டெயில்ஸ்டாக் சென்டரைக் கொடுத்து, கையால் இடமாகத் திருப்புங்கள். சக்கை மரையில் முடுக்கும் ஸ்பிண்டிலாக இருந்தால் இந்தத் திருப்பலில் சக்கே கழன்று வரும், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் டேப் சுகமாகப் போகும். முடிந்ததும் மண்ணெண்ணெயில் கழுவிவிடுங்கள். விட்டுவைத்தால் பிசின்போல ஆகிவிடும், மார்கழியில் உறைந்தும் நிற்கும்.

துளையோட உயரம் ஸ்க்ரூவுக்குச் சரியா வர என்ன பண்ணுவீங்க?

அளந்து அளந்து சாகாமல், உயரத்தை வேண்டுமென்றே கால் மி.மீ. குறைத்து வைத்து மேலே ஷிம் (மெல்லிய தகடு) போடுவதுதான் நிம்மதி. நட்டை போல்ட்டில் தளர்வாகத் தொங்கவிட்டு, கைப்பிடியைச் சுற்றி ஸ்லைடை உங்கள் பக்கம் முழுக்க இழுங்கள். நட் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஸ்க்ரூ ஆட இடமில்லாமல், நட் தானே நேர்கோட்டுக்கு வரும். அங்கே ஃபீலர் கேஜை (சந்தை அளக்கும் தகடுகளை) விட்டு, நட்டுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே எவ்வளவு சந்து என்று பார்த்து, அந்தத் தடிமனில் ஷிம் வெட்டிப் போட்டு இறுக்குங்கள்.

இறுக்கிய பின் கைப்பிடி கனத்தால் ஷிம் தப்பு. ஜிப்பைத் தளர்த்தி, கைப்பிடியை ஒரே விரலால் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் கனத்தால் ஸ்க்ரூ வளைந்திருக்கிறது.

பிளவு நட் போடணும்னு சொன்னீங்களே, எந்தப் பக்கம் பிளக்கறது?

ஸ்க்ரூவுக்குக் குறுக்காக. ஹேக்சாவால் ஒரு பக்கத்திலிருந்து மரைத்துளையைத் தாண்டி அறுத்து, மறுபக்கம் 3 மி.மீ. சுவர் விட்டு நிறுத்துங்கள். இப்போது நட் முன்பாதி, பின்பாதி என்று இரண்டாக இருக்கும், அந்தச் சுவர் கீல்போல வளையும். ஒரு பாதியில் 4 மி.மீ. கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) போட்டு மறுபாதியைத் தள்ளினால், ஒன்று மரையின் முன்முகத்திலும் மற்றொன்று பின்முகத்திலும் அழுந்தும். பிளே அங்கே சாகிறது. அறுத்த பிறகு பிசிறை எடுத்து டேப்பை இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம். ஸ்லைடோடு போல்ட் போடுவது ஒரு பாதியில் மட்டும். இரண்டு பாதியையும் போல்ட்டில் இறுக்கிவிட்டால் எது நகரும்? ‘பிளவு நட் போட்டும் பிரயோஜனமில்லை’ என்று வருகிற பலருடைய நட்டில் இதுதான் நடந்திருக்கும். போல்ட் போட்ட பாதி ஒற்றை போல்ட்டில் தலையாட்டாமலிருக்க, பக்கத்தில் ஒரு டவல் பின் (இடம் மாறாமல் பிடிக்கும் முளை) அடியுங்கள்.

புது நட் போட்டாச்சு. நடுவுல அருமையா ஓடுது, ரெண்டு கோடியிலயும் இறுகிப் பிடிக்குது.

நட் நன்றாக இருக்கிறது, ஸ்க்ரூ தேய்ந்திருக்கிறது. தினம் ஓடுவது நடுப்பகுதிதான், அதனால் தேய்வதும் அதுதான். தேய்ந்த நடுவுக்கு ஏற்றாற்போல் பிளவை இறுக்கினால் தேயாத கோடியில் பிடிக்கத்தான் செய்யும். கோடியில் ஓடும் அளவுக்குத் தளர்த்திக்கொண்டு நடுவில் கொஞ்சம் பிளேயோடு வாழலாம், இல்லையென்றால் ஸ்க்ரூவை மாற்ற வேண்டும். ஸ்க்ரூவின் உயிரைக் குடிப்பது துருவும் தூளும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் எண்ணெயில்லாமல் விட்டால் ஸ்க்ரூவே அரமாகி நட்டை ராவும். ஸ்லைடின் மேலிருந்து நட்டுக்கு ஒரு எண்ணெய்த் துளை போட்டு, 68 நம்பர் எண்ணெய் விடுங்கள். கிரீஸ் வேண்டாம், தூளைப் பிடித்துவைக்கும்.

பிளேயை சுத்தமா ஜீரோ பண்ணிடலாமா?

வேண்டாம். இண்டிகேட்டரில் 0.03 முதல் 0.05 வரை விட்டு வையுங்கள். ஜீரோவில் எண்ணெய்க்கு இடமில்லை, கைப்பிடி கனத்து, சன்னமாக அளவு வைக்கும்போது ஸ்லைடு விக்கி விக்கி நகரும்.

லேத் பட்டறையில குடுத்தா, டிரப்பிசாய்டல்ல ஸ்க்ரூவும் நட்டும் சேத்தே போட்டுத் தரேன்னாங்க. சரிதானே?

நல்ல யோசனைதான், அவர்களிடம் பெரிய லேத்தில் இடமரைக்கு லிவர் இருக்கும். ஆனால் பிட்சைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1 மி.மீ. இருந்த இடத்தில் 2 மி.மீ. வந்தால், உங்கள் டயலில் ஒரு கோடு நகர்த்தினால் டூல் இரண்டு கோடு போகும். விட்டத்தில் குறைவது அதற்கும் இரட்டிப்பு. டயலைப் புதிதாகக் கோடு போட்டு வாங்க வேண்டும், அல்லது டிஜிட்டல் ஸ்கேல் மாட்ட வேண்டும். ஸ்கேல் அளவைத்தான் சரியாகக் காட்டும், முன்னே சொன்ன பார்ட்டிங் பாய்ச்சலை அது தடுக்காது.

அதுக்கு பால் ஸ்க்ரூவே போட்டுட்டா? பிளே இல்லாமப் போயிடுமே.

மோட்டார் வைத்து ஓட்டும் சி.என்.சி.க்குச் சரி, மோட்டார் ஸ்க்ரூவைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். கையால் ஓட்டும் லேத்தில் பிடிக்க ஆளில்லை. பால் ஸ்க்ரூ உரசலில்லாதது என்பதால் டூலின் மேல் விழும் பாரமே ஸ்க்ரூவைத் திருப்பிச் சுற்றும். கைப்பிடியிலிருந்து கையை எடுத்ததும் ஸ்லைடு பின்வாங்கும். சாதாரண மரையின் உரசல்தான் டூலை வைத்த இடத்தில் நிறுத்துகிறது. கையால் ஓட்டுகிறவரை கன்மெட்டல் நட்டே போதும்.